பல சர்வர்களில் பரவி ஓடும் மென்பொருள்: கான்ஃபிகரேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே சர்வரில் ஓடும் மென்பொருளில் ஒரு கான்ஃபிகரேஷன் மதிப்பை (அது எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) தப்பாக வைத்தால், பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். பத்து சேவைகள், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சர், இரண்டு டேட்டாபேஸ், சேவைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் ஒரு காஃப்கா கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்) என்று விரிந்த அமைப்பில் அப்படி இல்லை. ஒவ்வொரு கோப்பையும் தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். இந்தக் கோப்பில் உள்ள எண்ணும் அந்தக் கோப்பில் உள்ள எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு டீம்களின் கையில் இருப்பதால் ரிவ்யூவில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இந்த வகைத் தவறுகள்தான்.

டேட்டாபேஸ் கனெக்ஷன்களைக் கூட்டிப் பார்க்காமல் விடுவது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 கனெக்ஷன்களை ஏற்கும். அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. அப்ளிகேஷனுக்கு மிஞ்சுவது 97. ஜாவா சேவைகளில் பரவலாக இருக்கும் ஹிகாரி பூல் (திறந்த கனெக்ஷன்களைக் கையிருப்பாக வைத்துக் கொடுக்கும் கருவி), இயல்பாக ஒரு இன்ஸ்டன்ஸுக்கு (சேவையின் ஓடும் ஒரு பிரதிக்கு) 10 கனெக்ஷன் வரை வைத்துக்கொள்ளும். சேவைகளைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் அப்படிப்பட்ட பிரதிக்குப் பாட் என்று பெயர்; 8 பாட் ஓடினால் 80. மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் இருக்காது. புது வெர்ஷனை டிப்ளாய் செய்யும்போதுதான் (சர்வர்களில் ஏற்றும்போதுதான்) வினை: பாட்களைச் சிலசிலவாக மாற்றும் ரோலிங் அப்டேட்டின் இயல்பு அமைப்பு 25 சதவீதம் கூடுதல் பாட்களை அனுமதிக்கிறது, அதாவது இன்னும் 2. இப்போது தேவை 100. போதாக்குறைக்கு, நிறுத்தச் சொன்ன பழைய பாட்களும் 30 விநாடி வரை உயிரோடு இருந்து கனெக்ஷனை விடாமல் வைத்திருக்கலாம். புது பாட் இடம் கிடைக்காமல் விழும். எல்லோரும் புது கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கை உச்சத்தை வைத்துப் போட வேண்டும்: சுமைக்கேற்பப் பாட்களைக் கூட்டும் ஆட்டோஸ்கேலிங் எட்டக்கூடிய அதிகபட்ச பாட்கள், அதோடு டிப்ளாய் சமயத்துக் கூடுதல், இரண்டையும் கூட்டி பூல் அளவால் பெருக்குங்கள். இரவு நேர பேட்ச் வேலைகளையும் ரிப்போர்ட் கருவிகளையும் சேருங்கள். தொகை 97-ஐத் தாண்டினால் உடனே வரம்பை 1000 ஆக்கிவிடத் தோன்றும். வேண்டாம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ், மெமரி கரைந்துவிடும். முதலில் பூலைக் குறையுங்கள். பல சேவைகளுக்கு 5 தாராளம். அதற்கும் அடங்கவில்லை என்றால் நடுவில், கனெக்ஷன்களைப் பகிர்ந்துகொடுக்கும் பிஜி பவுன்சரை வையுங்கள்.

டைம்அவுட்களைத் தலைகீழாக அடுக்குவது

டைம்அவுட் என்பது பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு. வெளிக் கோரிக்கைகளை முதலில் வாங்கும் கேட்வே 10 விநாடியில் கைவிடுகிறது, அதன் பின்னால் உள்ள சேவை 30 விநாடி காத்திருக்கிறது, டேட்டாபேஸ் குவெரிக்கு வரம்பே இல்லை. பல இடங்களில் இதுதான் நிலைமை. டேட்டாபேஸ் கொஞ்சம் தடுமாறினால் என்ன ஆகும்? பயனருக்கு 10-ஆவது விநாடியில் பிழை வந்துவிடும். அவர் மறுபடி பட்டனை அழுத்துவார். முதல் கோரிக்கையோ உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் பதிலை வாங்க ஆளில்லாமலே. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, கோரிக்கைகளைக் கையாளும் த்ரெட்கள் அனைத்தும் நிரம்பிவிடும்.

வெளியிலிருந்து உள்ளே போகப் போக நேரம் குறைய வேண்டும். கேட்வேக்கு 10 விநாடி என்றால், முதல் சேவைக்கு 8, அது அடுத்த சேவையை அழைப்பது ஒரு முயற்சிக்கு 3 விநாடி வீதம் அதிகபட்சம் இரண்டு முறை, குவெரிக்கு 2.5 விநாடி. மறுமுயற்சி நேரமும் மேலே உள்ள வரம்புக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மறுமுயற்சியே தனி ஆபத்து. வரிசையாக மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், அடியில் உள்ள டேட்டாபேஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆகப் போய்ச் சேரும், அதுவும் அது ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடக்கும் நேரத்தில். எந்த அடுக்கில் மறுமுயற்சி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றில் அணைத்துவிடுங்கள். இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் சிறிது ரேண்டம் நேரம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எல்லா கிளையன்ட்களும் ஒரே நொடியில் திரும்ப வந்து மோதும். பணம் எடுப்பது, ஆர்டர் போடுவது போன்ற வேலைகளில், ஒரே கோரிக்கை இருமுறை வந்தால் அடையாளம் காணும் சாவி இல்லாமல் மறுமுயற்சியை வைக்கவே கூடாது.

கீப்அலைவ் (சும்மா கிடக்கும் கனெக்ஷனைத் திறந்து வைத்திருக்கும் நேரம்) மட்டும், உள்ளே போகப் போக நேரம் குறைய வேண்டும் என்ற விதிக்கு நேர்மாறு. ஏடபிள்யூஎஸ் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் சும்மா கிடக்கும் கனெக்ஷனை இயல்பாக 60 விநாடி திறந்து வைத்திருக்கும். நோட் ஜேஎஸ் சர்வரின் பல பதிப்புகள் அதை 5 விநாடியில் மூடிவிடும். சர்வர் மூடும் அதே கணத்தில் லோட் பேலன்சர் அந்தக் கனெக்ஷனில் புதுக் கோரிக்கையை அனுப்பினால் பயனருக்கு 502 பிழை. அப்ளிகேஷன் லாகில் ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் கோரிக்கை அங்கே போய்ச் சேரவே இல்லை. காரணமே தெரியாமல் எப்போதாவது 502 வருகிறது என்றால் முதலில் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். சர்வர் பக்கம் 65 விநாடி வைத்தால் தீர்ந்துவிடும்.

சில சர்வர்களில் பழையது, சில சர்வர்களில் புதியது

குபர்நெட்டீஸில் கான்ஃபிகரேஷன் மதிப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் மேப்பை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்களின் என்விரான்மென்ட் வேரியபிள்கள் (தொடங்கும்போது கொடுக்கப்படும் மதிப்புகள்) மாறாது. பாட் மறுபடி தொடங்கினால்தான் புது மதிப்பை எடுத்துக்கொள்ளும். பகலில் மாற்றிய மதிப்பு, நள்ளிரவில் ஏதோ ஒரு பாட் மறுதொடக்கம் ஆகும்போது அந்த ஒன்றில் மட்டும் வரும். பத்தில் ஒன்று வேறு மாதிரி நடந்துகொள்ளும் இந்தக் கோளாறு, கண்டுபிடிப்பதற்கு மிகக் கொடுமையானது. கான்ஃபிக் உள்ளடக்கத்தின் ஹாஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறுங்குறியீட்டை) டிப்ளாய்மென்ட்டின் பாட் டெம்ப்ளேட்டில் (பாட்களின் வார்ப்புருவில்) அனோட்டேஷனாகச் (குறிப்பாக) சேர்த்துவிட்டால், கான்ஃபிக் மாறும்போதெல்லாம் பாட்கள் தாமாகவே முறைப்படி மாறும்.

இந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிடல் சான்று. 2012 ஜூலை இறுதியில் புது கோடு 8 சர்வர்களில் ஏற வேண்டும், 7-இல்தான் ஏறியது. புது வசதிக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச் போன்ற மதிப்பு), பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோடை இயக்கியதாக முன்பு இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று எட்டாவது சர்வரில் அந்தப் பழைய கோடு உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் அவர்கள் மற்ற 7 சர்வர்களில் புது கோடை நீக்கினார்கள். அங்கேயும் பழைய கோடு ஓடத் தொடங்கி நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 45 நிமிடத்தில் நிகழ்ந்த தவறான வர்த்தகத்தால் ஏற்பட்ட நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். பழைய ஃபிளாகின் பெயரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். டிப்ளாய் முடிந்ததும், ஓடும் ஒவ்வொரு ப்ராசஸிடமும் வெர்ஷனையும் கான்ஃபிக் ஹாஷையும் கேட்டு ஒப்பிடுங்கள். ‘அனுப்பிவிட்டோம்’ என்று டிப்ளாய் கருவி சொல்வது போதாது.

பெரும்பான்மைக் கணக்கைத் தப்பாகப் போடுவது

எட்சிடி (குபர்நெட்டீஸ் தன் தகவல்களை வைக்கும் டேட்டாபேஸ்) போன்ற கிளஸ்டர்களில் பாதிக்கு மேல் நோடுகள் (உறுப்புச் சர்வர்கள்) உயிரோடு இருந்தால்தான் எழுத முடியும். 3 நோடு இருந்தால் ஒன்றை இழக்கலாம். 4 இருந்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம். செலவு மட்டும் கூடும். இரண்டு டேட்டா சென்டர்களில் 2, 1 என்று பிரித்து வைத்துவிட்டு ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் என்று நம்புவது தவறு. இரண்டு நோடு உள்ள இடம் போனால் கிளஸ்டரே நின்றுவிடும். மூன்றாவது இடம் கட்டாயம் வேண்டும். வேகம் குறைந்த டிஸ்க்கில் எட்சிடியை ஓட்டுவதும் கூடாது. எழுதுவது தாமதமானால் லீடர் (எழுத்துகளை வழிநடத்தும் நோடு) தேர்தல் ஓயாமல் நடக்கும்.

காஃப்காவில் நுணுக்கம் வேறு. செய்தியை அனுப்பும் புரொடியூசர் பக்கம் ‘ஆக்ஸ் ஆல்’ என்று வைத்திருப்பதால் மூன்று பிரதியிலும் எழுதப்பட்ட பிறகே பதில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணத்தில் லீடரோடு ஒத்திசைவில் இருக்கும் பிரதிகள் மட்டுமே கணக்கு. ‘மின் இன்சிங்க் ரெப்ளிகாஸ்’ (ஒத்திசைவில் இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பிரதிகள்) இயல்பு மதிப்பு 1 என்பதால், லீடர் மட்டுமே மிஞ்சியிருந்தாலும் எழுத்து ஏற்கப்படும். அந்த டிஸ்க் போனால் தகவலும் போச்சு. பிரதி 3, இந்த மதிப்பு 2 என்று வையுங்கள். பிரதி 2, இதுவும் 2 என்று வைத்தால் ஒரு புரோக்கரை (காஃப்கா சர்வரை) அப்டேட் செய்ய நிறுத்தினாலே எழுதுவது நின்றுவிடும். டாபிக்குகள் (செய்திகளைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) தாமாக உருவாகும் வசதியையும் அணையுங்கள்: இயல்பு அமைப்பில் அப்படி உருவாகும் டாபிக்குக்கு ஒரே பிரதிதான். பிரதி எண்ணிக்கையின் இயல்பு மதிப்பைப் பிறகு மாற்றினாலும் ஏற்கெனவே உள்ள டாபிக்குகளை அது தொடாது.

சான்றிதழ்களும் லைவ்னஸ் சோதனையும்

பாட் உயிரோடு உள்ளதா என்று குபர்நெட்டீஸ் பார்க்கும் லைவ்னஸ் சோதனைக்குள் டேட்டாபேஸ் தொடர்பைச் சோதிக்காதீர்கள். டேட்டாபேஸ் அரை நிமிடம் தடுமாறினால் குபர்நெட்டீஸ் எல்லா பாட்களையும் கொன்று மறுபடி தொடங்கும். எழுந்து வந்த அத்தனையும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் மேல் விழும். அந்தச் சோதனையை ரெடினஸ் (பாட் கோரிக்கை வாங்கத் தயாரா என்ற சோதனை) பக்கம் வைப்பதானாலும் யோசித்து வையுங்கள், எல்லா பாட்களும் ஒரே சமயத்தில் டிராஃபிக்கிலிருந்து விலகிவிடும்.

2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனின் ஓ2 மொபைல் வலையமைப்பில் டேட்டா சேவை முடங்கியதற்குக் காரணம், வலையமைப்புக் கருவிகள் தரும் எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் காலாவதியான ஒரு சான்றிதழ் (மென்பொருளின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் கோப்பு). சான்றிதழைப் புதுப்பித்து டிஸ்க்கில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். பல சேவைகள் தொடங்கும்போது படித்த பழையதையே மெமரியில் வைத்திருக்கும். எனவே கண்காணிப்புக் கருவி கோப்பின் தேதியைப் பார்க்கக் கூடாது. போர்ட்டில் நேரடியாகக் கனெக்ட் செய்து, அங்கே கிடைக்கும் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். 30 நாளுக்கு முன் ஓர் எச்சரிக்கை, 7 நாளுக்கு முன் இன்னொன்று. சேவைகளுக்கு இடையே உள்ள சான்றிதழ்களையும், கியூப்அட்மின் (குபர்நெட்டீஸை நிறுவும் கருவி) கொண்டு அமைத்த கிளஸ்டரில் ஓராண்டில் முடியும் கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி) சான்றிதழ்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.