கச்சானை எப்படிச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது?

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கச்சான் சுருளும் கையுமாகத் திரிந்துவிட்டு, சத்துக்கு மட்டும் விலை கூடிய பாதாமையும் கஜுவையும் தேடுகிறோம். தேவையே இல்லை. தாவரவியலில் கச்சான் அவரைக் குடும்பம்தான், ஆனால் 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம், கொழுப்பிலும் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்தது.

ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி, சுமார் 30 கிராம் போதும். அதிலேயே 170 கலோரி வரை இருக்கிறது, ஆகவே பின்னேரத் தேத்தண்ணியோடு ரோல்ஸும் வழமைபோல், அதற்கு மேல் கச்சானும் என்றால் வண்டிதான் வைக்கும். ரோல்ஸை விட்டுவிட்டு அந்த இடத்தில் கச்சானைச் சாப்பிடுங்கள், கெட்ட கொலஸ்ட்ரோல் குறைய அப்படித்தான் உதவும்.

மணலில் வறுத்தது நல்லது, கோதோடு அவித்ததும் நல்லது. எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டியதைப் பிரஷர் உள்ளவர்கள் தொடவேண்டாம். சிவப்புத் தோலை ஊதி எறியாதீர்கள், அதிலும் சத்து இருக்கிறது. கச்சான் அல்வா இந்தக் கணக்கில் வராது (எனக்கும் கவலைதான்).

மாரியில் காற்றுப் புகாத போத்தலில் போட்டு வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகி ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கைத்தால் உடனே துப்பிவிடுங்கள்.

அப்புறம், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நன்றாக அரைத்துக் கொடுக்கலாம், ஒவ்வாமை இல்லையென்றால்.