டர்பன்ல ஹைவே பாலமும் ராம்ப்பும் ஆர்.இ. வாலும் கட்டுறது எப்படி: சைட்டுக்குப் புதுசா வர்ற நம்ம ஆளுங்களுக்கு

ஊர்ல சிவில் முடிச்சுட்டு டர்பன் சைட்டுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க, அப்புறம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சின்ன அளவுல கான்ட்ராக்ட் எடுக்குற நம்ம ஆளுங்க, ரெண்டு தரப்புக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். என்2, என்3 ஹைவே ரெண்டையும் சான்ரால் (இந்த நாட்டு தேசிய ரோடு நிறுவனம்) அகலப்படுத்துறாங்க, இன்டர்சேஞ்ச் எல்லாம் புதுசா வருது, பெரிய டெண்டர்ல குறைஞ்சது 30 சதவீத வேலையை லோக்கல் சின்ன கம்பெனிகளுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு வேற இருக்கு, அதுல நமக்கு வர்றது பெரும்பாலும் மதில், டிரெயின், கெர்ப் இந்த மாதிரி வேலைதான். மதில்னா ஆர்.இ. வால், ரீஇன்ஃபோர்ஸ்டு எர்த்: முன்னால காங்கிரீட் பேனலை அடுக்கி, அதுல மாட்டின நீளமான ஸ்ட்ராப்பைப் பின்னால மண்ணுக்குள்ள புதைச்சு நிக்க வைக்கிற சுவர். அதை சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. எல்லாரும் மேல டெக்கைத்தான், அதாவது வண்டி ஓடுற மேல்தளத்தைத்தான் அண்ணாந்து பாக்குறாங்க, ஆனா பாலம் பிரச்சனை பண்றது மண்ணுல, தண்ணியில, தற்காலிகமா நிறுத்துற சாரத்துல. அதனால இங்க அதைத்தான் நிறைய பேசுவேன்.

முதல்ல மண்ணு. டர்பன்ல வெட்டுற இடத்துல எல்லாம் செக்கச்செவேல்னு வருதே, அதுதான் பெரியா ரெட், பழைய மணல்மேடு காலப்போக்குல மக்கி சிவந்தது. காஞ்சிருக்கும்போது செங்குத்தா வெட்டினாலும் நிக்கும், அதை நம்பி ஏமாந்துடாதீங்க, தண்ணி இறங்கினா பலம் போயி அப்படியே உட்காரும், சரிவுல இருந்தா கரைஞ்சு ஓடும். 2022 ஏப்ரல் வெள்ளத்துல இந்த ஊர்ல எத்தனை ரோடு, எத்தனை சரிவு போச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேணாம். அதனால போர்ஹோல் ரிப்போர்ட்டை (ஓட்டை போட்டு மண்ணைப் பார்த்த அறிக்கை) நீங்களே உட்கார்ந்து படிங்க, ஒவ்வொரு பில்லர் இடத்துக்கும் தனித்தனியா என்ன வருதுன்னு பாருங்க, வேலை ஆரம்பிக்கிற அன்னைக்கே மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு தற்காலிக வாய்க்கால் வெட்டிடுங்க.

அடுத்தது காலண்டர். மழை அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் பெய்யும், நடுவுல டிசம்பர் பாதியில பில்டர்ஸ் ஹாலிடேன்னு நாடு முழுக்க சைட்டை மூடிடுவாங்க, ஜனவரி வரைக்கும் ஆள் இருக்காது. பாதி மண்ணு கொட்டுன மதிலைத் திறந்தபடி விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது பேனல் முன்னால சாஞ்சிருக்கும். ஈஸ்டர் சமயத்துல ஜோபர்க்ல இருந்து வண்டி வரிசையா இறங்கும், அதே வாரம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்லயும் கூட்டம் அலைமோதும், அப்ப லேன் மூடலாம்னு பிளான் போடாதீங்க. தைப்பூசக் காவடி போற ரோடு உங்க சைட்டு வழியா வந்தா கோயில் கமிட்டிகிட்ட முன்னாடியே போயி பேசிடணும், சைட்டுக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவுல பேசுற சி.எல்.ஓ.வையும் கூட்டிட்டுப் போங்க.

பைல் (மண்ணுக்குள்ள ஆழமா ஓட்டை போட்டு ஊத்துற அஸ்திவாரத் தூண்), பில்லர் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா அதுக்கு நல்ல ஸ்பெஷலிஸ்ட் ஆளுங்க வருவாங்க. ஓட்டைக்குள்ள தண்ணி இருந்தா ட்ரெமி பைப் (அடி வரைக்கும் இறங்குற நீளக் குழாய்) வழியாத்தான் காங்கிரீட் போகணும், பைப்போட நுனி எப்பவும் காங்கிரீட்டுக்குள்ளயே முங்கி இருக்கணும், வெளிய வந்துச்சுன்னா அந்த இடத்துல சேறு கலந்து பைல் கெட்டுடும். கடல் பக்கத்துலயே இருக்கறதால கம்பிக்கு வெளிய கவர், அதாவது மூடுற காங்கிரீட் கனம், எவ்வளவுன்னு ஊத்தறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளந்துடுங்க.

டெக் ரெண்டு மாதிரி பண்ணுவாங்க. ஒண்ணு கீழ சாரம் கட்டி, ஷட்டரிங் போட்டு ஊத்தறது. 2015 அக்டோபர் 14-ந்தேதி ஜோபர்க்ல கிரேஸ்டன் பக்கம், எம்1 ஹைவே மேல கட்டின சாரம் சரிஞ்சு ஓடுற கார்கள் மேல விழுந்து 2 பேர் செத்தாங்க, 19 பேருக்கு அடி. கட்டிட்டு இருந்தது நடந்தும் சைக்கிள்லயும் போற பாலம்தான். சாரத்துக்கு தனி டிராயிங், தனி இன்ஜினியர், கிளாம்ப் கிளாம்ப்பா செக் பண்ணி கையெழுத்து, இது மூணும் இல்லாம யாரு அவசரப்படுத்தினாலும் மேல ஏறாதீங்க, தம்பிகளா. இன்னொண்ணு, கரையில ஒரு துண்டு ஊத்தி, முன்னால இரும்பு மூக்கு மாட்டி, ஜாக்கி வச்சு பில்லர் மேல தள்ளிக்கிட்டே போறது. மவுண்ட் எட்ஜ்கோம்ல 948 மீட்டர் நீள ராம்ப் பாலத்தை இப்படித்தான் தள்ளினாங்க, கீழ டிராஃபிக் ஓடிட்டே இருக்கலாம்கறது இதுல பெரிய வசதி. ஆனா தள்ளும்போது பாரம் எந்த இடத்துல உட்காருதுங்கறது ரொம்ப முக்கியம். 1998 ஜூலை 6, ம்புமலாங்கால இன்ஜாகா பாலம் தள்ளிட்டு இருக்கும்போதே விழுந்து 14 பேர் போயிட்டாங்க, அங்க டெக்கைத் தாங்குற தற்காலிக பேரிங், பெட்டி மாதிரி இருக்கற டெக்கோட செங்குத்து சுவருக்கு நேர் கீழ வராம உள்ள தள்ளி, மெல்லிசான அடி ஸ்லாபுக்குக் கீழ இருந்துச்சு. ஒவ்வொரு தடவை தள்ளறதுக்கு முன்னாடியும் பேரிங் சென்டரை சர்வே ஆளோட நின்னு நீங்களே பாருங்க.

இப்ப ராம்ப் மதில், நம்ம வேலை. அடியில 150 மி.மீ. கனத்துக்கு சாதா காங்கிரீட் பட்டை போடணும், அகலம் 300 மி.மீ. வரும், அதுக்கு மேலதான் முதல் வரிசை பேனல் நிக்கும். இந்தப் பட்டை மட்டம் 3 மி.மீ.க்கு மேல தப்பினா மேல போகப் போக ஜாயிண்ட் எல்லாம் கோணிக்கிட்டுப் போகும், நாலாவது வரிசையில அதை யாராலயும் சரி பண்ண முடியாது. முதல் வரிசையில பாதி பேனலும் முழு பேனலும் மாத்தி மாத்தி வரும், வெளிப்பக்கம் இருந்து முட்டுக் குடுத்து, தூக்குகுண்டு விட்டுப் பார்த்து, கொஞ்சம் மண்ணு பக்கம் சாய்ச்சு நிறுத்தணும், மண்ணு அமுங்கும்போது அது தானா நேராகும். ஜாயிண்ட்ல பின்னால ஃபில்டர் துணி ஒட்டாம மண்ணு கொட்டவே கூடாது.

மண்ணுல விட்டுக்குடுக்கவே கூடாது. வெட்டி எடுத்த பெரியா ரெட்டை அப்படியே மதிலுக்குப் பின்னால போட்டா லாரி செலவு மிச்சம்னு சொல்லுவாங்க, ஆனா 0.075 மி.மீ. சல்லடையில 15 சதவீதத்துக்கு மேல இறங்குற மண்ணு இங்க ஆகாது, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். ஸ்ட்ராப் இரும்பா இருந்தா உப்பும் டெஸ்ட் பண்ணணும், கடல் மணலைக் கிட்டயே சேர்க்காதீங்க. ஈரம் புட்டு மாவு பதத்துல இருக்கணும், கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், விரல்ல தட்டினா உதிரணும். இது கைக்கணக்குதான், லேப் டென்சிட்டி ரிசல்ட் வராம அடுத்த லேயருக்குப் போகாதீங்க.

லேயரை ஸ்ட்ராப் மட்டம் வரைக்கும் அமுக்கினப்புறம் ஸ்ட்ராப்பை பேனலுக்கு நேர் குத்தா விரிச்சு, போல்ட் முறுக்கி, தொய்வு இல்லாம மண்ணுக்குள்ள இருக்கற கடைசி நுனிப் பக்கமா இழுத்துக்கணும். மண்ணை பேனல் ஓரமா கொட்டாதீங்க, ஒண்ணரை மீட்டர் தள்ளி ஆரம்பிச்சு ஸ்ட்ராப்போட கடைசி நுனிப் பக்கமா பரப்பிக்கிட்டே போங்க, ஓரத்து ஒண்ணரை மீட்டரைக் கடைசியா, கையால தள்ளுற சின்ன மெஷின்ல அமுக்குங்க. பெரிய ரோலர் அங்க வந்தா பேனல் வெளிய வந்துடும், டிரைவருக்கு அவசரம்னா கோட்டுக்கு வெளியவே நிறுத்திடுங்க. முள்ளு ரோலர் ஸ்ட்ராப்பைக் கிழிக்கும், அது வேணாம். சாயங்காலம் வேலை முடிக்கும்போது மேல் லேயரை மதில்ல இருந்து விலகிச் சரியுற மாதிரி சீவிட்டு, ஓரத்துல சின்ன வரப்பு கட்டிட்டுப் போங்க. ராத்திரி மழைக்கு இதை விட்டா வேற மருந்து இல்ல.

பாலம் முடியுற இடத்துல, அபட்மென்ட் (கரைப்பக்கம் டெக்கைத் தாங்குற கடைசிச் சுவர்) பின்னால ரோலர் போக முடியாத மூலை இருக்கும், அங்கதான் அப்புறம் வண்டி தடக்குன்னு துள்ளும். 56 டன் லாரி ஹார்பருக்கு நாள் முழுக்க ஓடுற ரோடு இது. அங்க லேயரை மெல்லிசாக்கி சின்ன மெஷின்ல பொறுமையா அமுக்குங்க, மண்ணு இறங்குறது நின்னுச்சான்னு லெவல் எடுத்துப் பார்த்துட்டு அப்ரோச் ஸ்லாப் (ரோட்டையும் பாலத்தையும் சேர்க்குற காங்கிரீட் தளம்) ஊத்துங்க. எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் அன்னைக்கு வெயில் எவ்வளவோ அதுக்குத் தகுந்த இடைவெளியில வைக்கணும், 100 மீட்டர் டெக் 30 டிகிரி மாறினா 3 செ.மீ. நகரும்.

திறந்தப்புறம் முதல் பெரிய மழை முடிஞ்ச மறுநாள் மதில் ஓரமா நடந்து போயி பாருங்க. வீப்ஹோல்ல (தண்ணி வெளியேற மதில்ல விடுற ஓட்டை) தண்ணி வருதா, ஜாயிண்ட்ல மண்ணு வழிஞ்சிருக்கான்னு. மண்ணு வழிஞ்சிருந்தா துணி எங்கயோ கிழிஞ்சிருக்கு, மேல ரோட்டு டிரெயின்ல இருந்து தண்ணி எந்த வழியா உள்ள இறங்குதுன்னு முதல்ல கண்டுபிடிச்சு அடைங்க. வெளிய சிமெண்ட் பூசி மறைச்சா தண்ணி உள்ளயே தங்கி பேனலைத் தள்ள ஆரம்பிச்சுடும்.