நாலாம் வகுப்புக்கு அறிவியல் புரிந்ததா? அளந்து பார்க்கும் வழி

"ஆவி சுருங்குதல் என்றால் என்ன?" என்று கேட்டால் பாடப்புத்தக வரி அப்படியே வந்து விழும். அதே பிள்ளையிடம் ஐஸ் போட்ட டம்ளரைக் காட்டி, வெளியே முத்துமுத்தாக நிற்கும் ஈரம் ஏது என்று கேளுங்கள். "உள்ளேருந்து கசிஞ்சிருக்கு டீச்சர்" என்று பதில் வரலாம். அளக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

ஒரு தேர்வுக்கு ஒரு கருத்து போதும். முதலில் வேறொரு பிரிவில் இதே கேள்வியை விடைப்பட்டியல் இல்லாமல் கேட்டு, தப்பான பதில்களைப் பிள்ளைகளின் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சரியான விடையோடு அவைதான் உங்கள் விடைப்பட்டியல். நாமே யோசித்து வைக்கும் தப்பான விடைகளைப் பெரும்பாலும் எந்தப் பிள்ளையும் தொடாது. கேள்வி இரண்டு அடுக்காக இருக்கட்டும்: ஈரம் எங்கிருந்து வந்தது, ஏன் அப்படி நினைக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் 3 விடைகள். இரண்டும் சரியானால்தான் 1 மதிப்பெண். குருட்டாம்போக்கில் சரியாக அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து ஒன்பதில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்தது செய்முறை. மூடியுள்ள ஸ்டீல் டம்ளர், நிறைய ஐஸ், குளிர்ந்த நீர், சிவப்பு உணவுச் சாயம், 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. 1 கிராம் தராசில் வித்தியாசம் தெரியாமலே போகலாம். சாயத்தை நீரில் கலந்து, ஐஸோடு டம்ளரை நிரப்பி, மூடி, வெளிப்புறத்தைத் துடைத்து, தட்டில் வைத்து எடை போடுங்கள். கால் மணி நேரத்தில் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று பிள்ளைகள் முன்கூட்டியே காரணத்தோடு எழுத வேண்டும். அதுவும் பேனாவால். பென்சில் கொடுத்தால் விடை தெரிந்ததும் ரப்பர் வேலை செய்யும். சீட்டை வாங்கி வைத்த பிறகே மறுபடி எடை போடுங்கள். கசிவாக இருந்தால் எடை மாறாது. காற்றிலிருந்து வந்த நீர் என்பதால் கூடும். வழியும் துளி தட்டிலேயே நிற்கட்டும், அதுவும் கணக்குதான். பிறகு வெளிப்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பு ஒட்டாது, உள்ளிருக்கும் நீர் கசியவில்லை என்பது தெரியும்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழி, தையில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்றில் ஈரம் சரியாகப் பிடிக்காது. ஜூன் தொடங்கி மழைக்காலம்தான் தோது. இரண்டே கட்டி ஐஸ் போட்டாலும் இதே தொல்லைதான்.

எழுதிய காரணத்துக்கு 0 முதல் 2 வரை. காற்று என்று மட்டும் சொன்னால் 1. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு நீரானது என்றால் 2. வெற்றுத்தாளும் 'கசிவு' விடையும் இரண்டுமே 0தான், ஆனால் தனித்தனிக் குறி போடுங்கள். அவற்றுக்குச் சொல்லித்தரும் முறை வேறு. மலையாளம் கலந்து எழுதியதற்கும் எழுத்துப்பிழைக்கும் குறைக்காதீர்கள். எழுதத் திணறும் பிள்ளை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். 10 தாள்களை இரு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி, 8க்குக் குறைவாக ஒத்துப்போனால் விதியைத் திருத்தி எழுதுங்கள்.

பாடம் முடிந்து வைக்கும் தேர்வில் டம்ளரை விட்டுவிட்டு, மூணாறு பஸ்ஸில் கண்ணாடியின் உட்புறம் ஏன் மங்கலாகிறது என்று கேளுங்கள். சரியான விடை பாடத்துக்கு முன்பு 30 விழுக்காடு, பின்பு 65 என்றால், கூடிய 35ஐ, கூடியிருக்கக்கூடிய 70ஆல் வகுத்தால் 0.5, அதாவது கூடியிருக்கக்கூடியதில் பாதி. ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். கசிவு விடை திரும்பி வருவது அப்போதுதான் தெரியும்.