லெவலை ஆட்டக்காரர்களே கட்டித் தருவார்கள்: இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது?

ஆட்டக்காரர்களே லெவல் கட்டி, ஒருவர் கட்டியதை மற்றவர் விளையாடும் வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தால், வியாபாரக் கணக்குப் போடுகிறவர் முதலில் சொல்வது இதைத்தான்: லெவல் கட்டும் கருவியான எடிட்டரை மட்டும் செய்து கொடுத்துவிட்டால் போதும், மற்றதை மக்கள் பார்த்துக்கொள்வார்கள், லெவல்கள் ஓசியில் வந்து குவியும். இந்த வகையில் சறுக்கிய பல கேம்களின் கதை இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

லெவல்கள் ஓசியில் வருவதில்லை. செலவு வேறு பெயரில் வருகிறது, அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் கட்டிய கேம்களை மற்றவர்கள் விளையாடும் தளமான ரோப்லாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 2024இல் அதன் வருவாய் சுமார் 360 கோடி டாலர். அதே ஆண்டில் உள்ளே கேம் கட்டியவர்களுக்குக் கொடுத்தது 92 கோடி டாலருக்கு மேல். ஆண்டு முடிவில் கணக்கில் நின்றது 90 கோடி டாலரைத் தாண்டிய நட்டம். இதைப் பார்த்து நிறுவனம் மூழ்குகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விற்ற ரோபக்ஸின் (ரோப்லாக்ஸுக்குள் செலவழிக்கும் நாணயம்) பணத்தை உடனே முழு வருவாயாகக் காட்டாமல் பல மாதங்களுக்குப் பிரித்துக் காட்டுகிறார்கள். கையில் காசு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் சர்வர், கண்காணிப்பு, ஆப் ஸ்டோர் பங்கு, படைப்பாளர் பங்கு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்பதற்கு இது நல்ல பாடம். கல்யாண மண்டபம் நடத்துகிறவர் சமைப்பதில்லை. ஆனால் கரண்ட், தண்ணீர், துப்புரவு, வாட்ச்மேன் எல்லாம் அவர் தலையில்தான்.

சண்டை கேமாகப் பெயர் பெற்ற ஃபோர்ட்நைட்டிலும் இதே நிலைதான். 2023 செப்டம்பரில் அதை நடத்தும் எபிக் நிறுவனம் சுமார் 830 பேரை வேலையிலிருந்து அனுப்பியபோது, ஊழியர்களுக்கு அதன் தலைவர் டிம் ஸ்வீனி எழுதிய கடிதத்தில் ஒரு காரணம் வெளிப்படையாகவே இருந்தது. ஃபோர்ட்நைட் மறுபடி வளர்வது உண்மை. ஆனால் அந்த வளர்ச்சி பெரும்பாலும் படைப்பாளர்கள் கட்டியவற்றால் வருகிறது, அவர்களோடு வருவாயைப் பங்கிட வேண்டியிருப்பதால் லாப விகிதம் குறைவு என்றார். கூட்டம் கூடுவது வேறு, லாபம் கூடுவது வேறு. முதலீடு கேட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டுவதை இன்றும் பார்க்கலாம்.

அடுத்த தவறு, வாங்குகிறவர்கள் எல்லாரும் கட்டுவார்கள் என்று நினைப்பது. பெரும்பாலானவர்கள் எடிட்டரை ஒரு தடவை திறந்து, நாலு கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது வந்ததும் விளையாட ஒரு நல்ல கேம். நிண்டெண்டோவுக்கு இது தெரியும். 2019இல் வந்த சூப்பர் மாரியோ மேக்கர் 2இல் நிறுவனமே கட்டிய நூற்றுக்கு மேற்பட்ட லெவல்கள் கொண்ட ஸ்டோரி மோட் (கதையோடு விளையாடும் பகுதி) இருந்தது. எடிட்டரைத் தொடாமலேயே கொடுத்த காசுக்கு விளையாடலாம். அது 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மாரியோ என்ற பெயரின் பலத்தையும் இங்கே மறக்கக் கூடாது. குதிப்பது எப்படி இருக்கும், எதிரி எப்படி நடப்பான் என்பது வாங்குகிறவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதே எடிட்டர் பெயர் தெரியாத ஒரு கேமில் வந்திருந்தால் இந்த விற்பனையில் எத்தனை பங்கு தேறியிருக்கும்?

எதிர்ப்பக்க உதாரணம், மீடியா மாலிக்யூல் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ட்ரீம்ஸ். கருவியாகப் பார்த்தால் அற்புதம். சிற்பம், இசை, அனிமேஷன், முழு கேம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே செய்யலாம். என்னைக் கேட்டால் இந்த வகையில் அதற்கு இணையான எடிட்டர் இன்னும் வரவில்லை. ஆனால் அது பிளேஸ்டேஷனை விட்டு வெளியே வரவில்லை. கட்டியவர்கள் தங்கள் கேமை அதற்குள் விற்கவும் முடியாது, தனி கேமாக வெளியே எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. 2023 செப்டம்பரோடு புதிய அப்டேட்கள் நின்றன. மைக்ரோசாஃப்டின் பிராஜெக்ட் ஸ்பார்க் இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது: 2014 அக்டோபரில் வெளியீடு, 2016 ஆகஸ்டில் மூடல். எடிட்டர் எவ்வளவு வல்லமையானதோ அவ்வளவு விற்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

சரி, லெவல்கள் குவிந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எதைக் காட்டுவது? எனக்குத் தெரிந்தவரை அதிகம் அலட்சியப்படுத்தப்படும் வேலை இதுதான். லிட்டில் பிக் பிளானெட் தொடரில் ஆட்டக்காரர்கள் ஏற்றிய லெவல்கள் ஒரு கோடியைத் தாண்டின. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் பாதியில் நிற்கும் சோதனை லெவலோ, இன்னொருவர் கட்டியதன் நகலோதான் வரும் என்றால், புதிதாக வந்தவர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்.

இதைச் சமாளித்தவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. மாரியோ மேக்கரில், தான் கட்டிய லெவலைத் தானே ஒரு முறை முடித்துக் காட்டாமல் ஏற்ற முடியாது. இந்த ஒரே விதி, முடிக்கவே முடியாத குப்பையில் பெரும்பகுதியை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. ஜியாமெட்ரி டாஷில், ஏற்றுகிற எல்லா லெவலுக்கும் நட்சத்திரம் கிடைக்காது. பார்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் தருவார்கள். அந்த நட்சத்திரத்துக்காகவே கட்டுகிறவர்கள் மாதக்கணக்கில் மெருகேற்றுகிறார்கள். ராபர்ட் டோபாலா என்ற ஒற்றை ஆள் 2013இல் வெளியிட்ட, மலிவு விலைக் கேம் அது. 2017 ஜனவரியில் வந்த 2.1 பதிப்புக்கும் 2023 டிசம்பரில் வந்த 2.2 பதிப்புக்கும் இடையே ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளி. அத்தனை நாளும் ஆட்டக்காரர்கள் கட்டியதை வைத்தே கூட்டம் கலையாமல் நின்றது. 2020இல் வந்த கார் பந்தய கேமான டிராக்மேனியா இன்னொரு வழி காட்டியது. தினமும் ஆட்டக்காரர் ஒருவர் கட்டிய ஒரே ஒரு டிராக்கைத் தேர்ந்தெடுத்து அன்றைய டிராக் என்று முன்னால் வைக்கிறார்கள், அதிலேயே போட்டியும் நடத்துகிறார்கள். அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனமே கட்டிய 25 டிராக்குகளும் வரும். ஆட்டக்காரர்கள் கட்டுகிறார்களே என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை.

கட்டியவருக்குக் காசு கொடுப்பதிலும் தப்புகள் நடக்கின்றன. 2015 ஏப்ரலில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் கேமின் மாட்களை (ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள், சேர்ப்புகள்) விலைக்கு விற்க, தளத்தை நடத்தும் வால்வும் கேமைச் செய்த பெதஸ்டாவும் வழி திறந்தன. உருவாக்கியவருக்கு 25 சதவீதம், மீதி இரண்டு நிறுவனங்களுக்கு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பங்கு குறைவு என்பது மட்டும் சிக்கல் இல்லை. பல ஆண்டுகள் இலவசமாகப் புழங்கிய இடத்தில் திடீரென்று கல்லாப்பெட்டி வைத்ததும்தான். காசு வரும் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ரோப்லாக்ஸில் கட்டியவருக்குக் காசு உண்டு, ஆனால் விகிதம் கசக்கும்: பல ஆண்டுகளாக 400 ரோபக்ஸ் வாங்க ஏறக்குறைய 5 டாலர், அதே 400ஐக் கட்டியவர் ரொக்கமாக்கினால் கையில் வந்தது 1.40 டாலர்.

உரிமை விஷயத்தில் பேராசை இன்னும் மோசம். பிளிஸார்ட் நிறுவனத்தின் வார்கிராஃப்ட் 3 கேமுக்கு ஆட்டக்காரர்கள் கட்டிய டோட்டா என்ற மேப்பிலிருந்து ஒரு புது கேம் வகையே பிறந்தது. அதில் பெரிய அறுவடை செய்தவை ரயட், வால்வ் நிறுவனங்கள், பிளிஸார்ட் அல்ல. அந்தக் காயத்தோடோ என்னவோ, 2020இல் வார்கிராஃப்ட் 3இன் புதுப்பித்த பதிப்பான ரீஃபோர்ஜ்ட் வந்தபோது அதில் கட்டும் எல்லா மேப்பும் தனக்கே சொந்தம் என்று பிளிஸார்ட் விதி எழுதியது. அடுத்த டோட்டாவுக்கான யோசனை வைத்திருப்பவர் அப்புறம் அங்கே ஏன் போகிறார்? வால்வ் நேர்மாறாகச் செய்தது. ஹாஃப் லைஃபுக்கான மாடாகப் பிறந்த கவுன்டர் ஸ்ட்ரைக்கை வாங்கி, உருவாக்கியவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

குழந்தைகள் புழங்கும் இடம் என்றால் கண்காணிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவே கூடாது. குழந்தைகள் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2024 ஆகஸ்டில் துருக்கி ரோப்லாக்ஸை மொத்தமாகத் தடை செய்தது. ஒரு நாட்டின் சந்தை ஒரே நாளில் கை நழுவியது.

கடைசியாக, கேமை ஒரு தடவை விற்றுவிட்டு சர்வரை எத்தனை ஆண்டு ஓட்டுவது என்ற கேள்வி. விற்ற அன்று வரும் பணம் ஒரே முறை. சர்வர் பில் மாதாமாதம். மாரியோ மேக்கரின் பழைய வீ யூ கன்சோல் பதிப்பில் 2021இல் ஏற்றுவதை நிறுத்தினார்கள், 2024 ஏப்ரலில் ஆன்லைன் முழுவதும் போனது. லிட்டில் பிக் பிளானெட் 3இன் சர்வர்களும் அதே ஆண்டு நிரந்தரமாக மூடின. டிராக்மேனியா கூடுதல் வசதிகளுக்குச் சந்தா வைத்தது, திட்டும் வாங்கியது. ஆனால் பில்லைக் கட்ட அது நேர்மையான வழி. இன்னொரு வழி, லெவலை ஆட்டக்காரர் கையிலேயே ஃபைலாக விட்டுவிடுவது. 1993இல் வந்த டூம் கேமுக்கு, லெவல்கள் அடங்கிய வாட் ஃபைல்கள் இன்றும் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன, அவற்றைத் தாங்க எந்த நிறுவனத்தின் சர்வரும் தேவைப்படவில்லை. 1996இல் ரசிகர் குழு ஒன்று இலவசமாக வெளியிட இருந்த லெவல் தொகுப்பை டூமைச் செய்த இட் நிறுவனமே வாங்கி, ஃபைனல் டூம் என்று கடையில் விற்றது. 2020இல் டூமின் மறுவெளியீட்டில், ரசிகர்கள் கட்டிய தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து இலவச இணைப்பாகச் சேர்த்தார்கள்.