இலியட் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: காவிய மரபுகளைப் பிடிக்கும் வழி

ஹோமரின் பழைய கிரேக்கக் காவியமான இலியடை ஆர்வத்தோடு எடுத்து, இரண்டாம் பகுதியிலேயே மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். ஒரே அடைமொழி விடாமல் வருகிறது, சொன்ன செய்தியையே இன்னொருவர் வரி மாறாமல் சொல்கிறார், நடுவே கப்பல் பட்டியல் வேறு. ஆனால் ஹோமரின் பாட்டைக் கேட்டவர்களுக்கு இந்த வாய்பாடெல்லாம் பழக்கம். அதனால் அது எங்கே மாறினாலும் சட்டென்று பிடிபடும். அந்த இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் செய்முறை.

தேவை ஒரு பென்சிலும் முழு மொழிபெயர்ப்பும். சுருக்கப் பதிப்பு வேண்டாம். சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவதே திரும்ப வரும் வரிகளைத்தான்.

படி 1: முதல் ஏழு அடிகள்

கலைத்தெய்வத்தை அழைத்து, கிரேக்க வீரன் அக்கிலீஸின் கோபத்தைப் பாடச் சொல்கிறார் கவி. பெருங்காப்பியத்தின் முன்னே வாழ்த்து, வணக்கம், வருபொருள் (சொல்லப்போவதை முன்கூட்டி அறிவிப்பது) ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும் என்கிறது நம் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம். அது வகுத்தது வேறொரு மரபுக்கு என்றாலும், வருபொருள் என்றால் என்ன என்பதற்கு இந்த ஏழு அடிகளே நல்ல உதாரணம்.

அடுத்து, கதை எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிராய் நகரத்தோடு கிரேக்கர்கள் நடத்தும் போரில் ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அக்கிலீஸிடமிருந்த பிரைசியிஸ் என்ற சிறைப்பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்ததால், அக்கிலீஸ் சண்டைக்கு வர மறுத்து ஒதுங்குகிறான். காவியம் முழுக்கச் சுமார் ஐம்பது நாள் நிகழ்ச்சிகள்தான்.

படி 2: அடைமொழிகளை அடிக்கோடிடுங்கள்

அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ‘விரைந்த காலினன்’தான். கரையில் இழுத்துப் போட்ட கப்பலும் ‘வேகக் கப்பல்’தான். ஓர் அடிக்கு ஆறு சீர். நின்ற இடத்திலேயே கட்டிப் பாடுபவனுக்கு, அடியின் மீதியை அளவாக நிரப்பும் ஆயத்தச் சொற்கட்டு வேண்டும். மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் நாட்டுப் பாடகர்களைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த முறையில் ஆயிரக்கணக்கான அடிகளைப் பாடுவதை அங்கே கண்டார்.

படி 3: திரும்பச் சொல்லும் பேச்சை ஒப்பிடுங்கள்

ஒன்பதாம் பகுதிக்குப் போங்கள். அக்கிலீஸைச் சமாதானம் செய்ய அகமெம்னான் பரிசுகளை அடுக்குகிறான்: பத்துத் தாலந்து (ஒரு பழைய எடை அளவு) பொன், பன்னிரண்டு குதிரைகள், ஏழு ஊர்கள், தன் மகள்களில் ஒருத்தி. கடைசியில், ‘நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன், பணிந்து போகட்டும்’ என்று முடிக்கிறான்.

தூது போன கிரேக்கத் தலைவன் ஒடிசியஸ் பட்டியலை அநேகமாக வரிக்கு வரி ஒப்பிக்கிறான். கடைசிப் பேச்சை மட்டும் விழுங்கிவிடுகிறான்! அதற்கு அக்கிலீஸ் சொல்லும் பதிலின் தொடக்கத்தைப் பாருங்கள்: மனதில் ஒன்றை ஒளித்து வாயால் வேறொன்று பேசுபவனை நரகவாசலைப் போல வெறுக்கிறேன் என்கிறான். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்தக் குத்து எங்கே விழுகிறது என்று தெரியும்.

படி 4: ஆயுதம் பூணும் காட்சிகள்

என் கணக்கில் இதுதான் மிக நல்ல பயிற்சி. விரிவாக நான்கு முறை வருகிறது: 3-ஆம் பகுதியில் டிராய் இளவரசன் பாரிஸ், 11-இல் அகமெம்னான், 16-இல் பட்ரோக்ளஸ், 19-இல் அக்கிலீஸ். வரிசை மாறாது: கால் கவசம், மார்புக் கவசம், வாள், கேடயம், தலைக்கவசம், கடைசியில் ஈட்டி.

பட்ரோக்ளஸ் தன் நண்பன் அக்கிலீஸின் கவசத்தை அணிகிறான். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஈட்டி வரும்போது மட்டும் தடை: அக்கிலீஸைத் தவிர வேறு எவராலும் சுழற்ற முடியாத அந்தக் கனத்த ஈட்டியை அவன் எடுக்கவில்லை. அன்றே சாகிறான். 19-இல் அக்கிலீஸ் ஈட்டியை எடுக்கும்போது, அதைப் பற்றிய அதே நான்கு அடிகள் மறுபடி வருகின்றன.

படி 5: உவமையில் யார் இருக்கிறார்கள்?

போர்க்களத்து உவமைகள் பெரும்பாலும் வீட்டுக்கும் வயலுக்கும் போகும். 16-இன் தொடக்கத்தில் அழும் பட்ரோக்ளஸை, தாயின் ஆடையைப் பிடித்து இழுத்து, தூக்கச் சொல்லி அழும் சிறுமிக்கு ஒப்பிடுகிறான் அக்கிலீஸ்.

இரண்டாம் பகுதியின் கப்பல் பட்டியலை முதல் தடவை தாராளமாகத் தாண்டலாம்.

அப்புறம் 22, 24 பகுதிகளைப் படியுங்கள். கிரேக்கர்கள் ஒளிந்திருந்து டிராய்க்குள் நுழைந்த மரக்குதிரை வரும் என்று காத்திருக்க வேண்டாம். இலியட் டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. குதிரைக் கதைக்கு ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் எட்டாம் பகுதியைத் திறக்க வேண்டும்.