கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கும்போது எவ்வளவு எழுதுவது?

மண்டபம் ஊரில் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது குறிப்புச்சட்டகத்தைத்தான், அதாவது கட்டுரையில் எது எது எந்த வரிசையில் வரும் என்று முன்கூட்டியே குறித்து வைப்பதை; கட்டுரை அப்புறம். சிலருக்கு அது ஐந்து சொல்லில் முடிந்திருக்கும். சிலருக்கு இரண்டு பக்கம் ஓடியிருக்கும். இரண்டுமே எழுத உட்காரும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

தனுஷ்கோடிப் புயலைப் பற்றி ஒரு பையன் எழுதி வந்தது இது: முன்னுரை, புயல், பாதிப்பு, மீட்பு, முடிவுரை. இதில் தனுஷ்கோடி எங்கே இருக்கிறது? 2018-ல் வந்த கஜா புயலுக்கும் இதே ஐந்து சொல் பொருந்தும். வெறும் தலைப்புச் சொல்லை எழுதி வைத்தால், யோசிக்க வேண்டிய வேலை அப்படியே பாக்கி நிற்கிறது. "மீட்பைப் பற்றி நீ என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாலத்தைச் சரி பண்ணிட்டாங்க, ஊரைச் சரி பண்ணலை" என்றான். அதைத்தான் எழுதச் சொன்னேன். அவன் நோட்டில் அந்த வரி இப்படி மாறியது: "மீட்பு: பாம்பன் ரயில் பாலம் 46 நாளில் திரும்பியது, பழைய தனுஷ்கோடி திரும்பவே இல்லை." ஒரு பத்திக்கு இவ்வளவு போதும். என்ன சொல்கிறோம் என்பது ஒரு வரி, அதைத் தாங்கும் விவரம் ஒன்றோ இரண்டோ.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் முழு வாக்கியமாக எழுதிவிடும் பிள்ளைகள். உழைப்பாளிகள், அதனால் கண்டிக்க மனம் வராது. ஆனால் அழகாக ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால் அதை விட மனசு வராது. பொருத்தமில்லாத இடத்திலும் அதையே தூக்கி வைப்பார்கள். கட்டுரை எழுதுவது சொந்த எழுத்தையே பார்த்து எழுதும் வேலையாகிவிடும், நேரமும் போய்விடும்.

பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு: எல்லாக் குறிப்புக்கும் ஒரே அளவு விவரம் கொடுப்பது. மறந்து போகக்கூடியதை முழுசாக எழுதுங்கள். உடம்புக்கே தெரிந்ததை ஒரு சொல்லில் விடுங்கள். கடல்பாசி எடுப்பவர்களைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு அம்மாவின் தொழிலே அதுதான். அவள் குறிப்பில் அந்த இடத்தில் இருந்தது "அம்மா, விரல்" என்ற இரண்டே சொல். கட்டுரையில் அது ஒரு பத்தியாக விரிந்தது: பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றும் துணி, ராத்திரி அதை அவிழ்க்கும்போது வெளுத்துச் சுருங்கியிருக்கும் தோல், சோறு பிசையும்போது உப்புப் பட்ட கீறலின் எரிச்சல். அதையெல்லாம் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் இவ்வளவு உயிர் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் "1986, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள்" என்பதை முழுசாக எழுத வைத்தேன். ஆண்டும் எண்ணிக்கையும் அவசரத்தில் புரண்டுவிடும். புயல் கட்டுரை எழுதிய பையன் "வருஷம் தெரியும் சார்" என்று விட்டுவிட்டு, 1964-ஐ 1946 ஆக்கியிருந்தான்.

அப்புறம், குறிப்புகளை வரிசையாக அடுக்கிவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறோம் என்பதை விட்டுவிடுவது. இதற்கு விவரம் வேண்டாம், இணைப்புச் சொல் போதும். அந்தப் பெண்ணின் சட்டகத்தில் "பாசி எடுப்பது பழைய தொழில்", "தேசியப் பூங்கா", "தீவுப் பக்கம் போகக் கட்டுப்பாடு", "வருமானம்" என்று நான்கு வரிகள் தனித்தனியாகக் கிடந்தன. முதல் இரண்டுக்கு நடுவில் "ஆனால்", அடுத்த இரண்டு இடத்திலும் "அதனால்" என்று பென்சிலால் எழுதினாள். உடனே நான்கும் ஒரே வாதமாகின. எந்த இடத்தில் ஒரு சொல்லும் பொருந்தவில்லையோ, அங்கே குறிப்பு இடம் மாற வேண்டும், இல்லையென்றால் நீங்க வேண்டும்.

முன்னுரைக்கு மட்டும் சட்டகத்தில் இரண்டு வரி இடம் விட்டு வையுங்கள், எதுவும் எழுத வேண்டாம். நடுப்பகுதி என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு திரும்பி வந்து நிரப்பிக்கொள்ளலாம்.