கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால்

முதல் காரியம், சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். வயிறு உப்புகிறது, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது, அடிக்கடி வாய்ப்புண், அசதி, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை போட்டாலும் ஏறாத ரத்தம் என்று வெளியே சொன்னால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து யூடியூப் வரைக்கும் எல்லோரும் கோதுமையை விட்டுப் பார் என்கிறார்கள். நானும் விட்டேன். இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்போ கோதுமை சாப்பிடுதீங்களா?" இல்லை என்றேன். "அப்போ டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்ல, மறுபடியும் சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்ன டெஸ்ட் சீலியாக் என்ற நோய்க்கு. அது ஒவ்வாமை மாதிரி, ஆனால் ஒவ்வாமை இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் நம் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரை அரிக்கத் தொடங்குகிறது, அப்புறம் சாப்பாட்டிலுள்ள சத்து உடம்பில் சேருவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை தேடுவது, க்ளூட்டன் உள்ளே போகிறவரை உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத்தான். நிறுத்திவிட்டால் அது மெல்ல மெல்ல இறங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல். கூடவே மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் எடுத்தால் ஏமாற்றிவிடும். ரத்தத்தில் தெரிந்தால் அடுத்தது வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து சதைத்துணுக்கு எடுப்பது. கேட்கத்தான் பயமாக இருக்கும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சோறு தின்கிற நம் பக்கத்தில் சீலியாக் வட இந்தியாவைவிட மிகவும் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. என் மதினிக்கு இருக்கிறது. வயிற்றுக்கோளாறு என்றாலே இதுதான் என்று முடிவுகட்டவும் வேண்டாம், பூச்சியாக இருக்கலாம், ஜியார்டியா என்ற குடல் கிருமியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். எடை இறங்குகிறது, மலத்தில் ரத்தம், ராத்திரித் தூக்கத்தைக் கலைக்கிற பேதி, காய்ச்சல் என்றால் வீட்டில் ஆராய்ச்சி பண்ணாமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள். கோதுமை சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் அது வேறு, அதுதான் நிஜ ஒவ்வாமை. அப்போது கூப்பிட வேண்டியது 108. அந்த மாதிரி ஒரு தடவை வந்தவர்கள் இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்க்கவே கூடாது.

பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். மூன்று வாரம், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, தொந்தரவு எப்போது வந்தது, மலம் எப்படி, தூக்கம், பெண்கள் என்றால் மாதவிடாய் நாளும். டீயை எழுத மறந்துவிடுவோம், அதையும் எழுதுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த டீக்கணக்குதான். நான் முழுப் பழியையும் பரோட்டா மேல் போட்டிருந்தேன், நோட்டைப் பார்த்தால் வெறும் இட்லி தின்ற நாளிலும் சாயங்காலம் வயிறு மத்தளம். கடையில் உட்கார்ந்து ஆறு டீ குடித்த நாட்கள் எல்லாம் மோசம், ஒரு கல்யாண வீட்டில் பால் பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்த நாள் படுமோசம். என் டெஸ்டில் சீலியாக் இல்லை என்று வந்த பிறகு இரண்டு வாரம் பாலை நிறுத்தினேன், சரியானது. மறுபடி ஒரு டம்ளர் பால் குடித்தேன், இரண்டு மணி நேரத்தில் பழைய கச்சேரி. அந்த மறுபடிதான் முக்கியம். நிறுத்தினால் குணமாவது தற்செயலாகவும் நடக்கும். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கிற நொதி வயதாக ஆக நம்மில் நிறைய பேருக்குக் குறைந்துவிடுகிறது. தயிரில் பாக்டீரியா கொஞ்சம் தின்றுவிடுவதால் பெரும்பாலும் அது ஒத்துக்கொள்ளும். இப்போது எனக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, ஒரு குறையும் இல்லை.

பரோட்டாவை விட்டதும் சரியாகிவிட்டது, எனக்குக் கோதுமைதான் ஆகவில்லை என்பவர்களிடம் ஒன்று கேட்பேன்: சால்னாவையும் விட்டீர்களா இல்லையா? பரோட்டா போனால் சால்னாவும் போகும், அதிலுள்ள பல்லாரி, பூண்டு, எண்ணெய், ராத்திரி பத்து மணிச் சாப்பாடு எல்லாமே போகும். வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் ஃப்ரக்டன் என்ற மாவுச்சத்து இருக்கிறது, சிலருக்கு அதுதான் குடலில் நொதித்து வாயுவாகிறது, க்ளூட்டனுக்குச் சம்பந்தமே இல்லை. சீலியாக் இல்லை என்று தெரிந்தபின் ஒன்று ஒன்றாக நிறுத்தி, ஒன்று ஒன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. ஆன்லைனில் ஒரு சொட்டு ரத்தத்தில் இருநூறு உணவுக்கு ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளைப் பார்த்துத் தருகிறோம் என்று விற்கிறார்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அது காட்டுவது நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

இனி மதினி விஷயம். சீலியாக் உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் க்ளூட்டன் கூடாது, "ஒரே ஒரு துண்டு அல்வா" என்பதும் கூடாது. நம்மூர் அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது என்பதை விருந்துக்குப் போன வீட்டில் பத்துப் பேரிடம் விளக்குவதற்குள் வாய் வலித்துவிடும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும்தான், அதில் மாவு சேர்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டு தரலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அப்படித்தான். இட்லி, இடியாப்பம், உளுந்தங்களி, கூட்டாஞ்சோறு, கம்பு, கேப்பை எல்லாம் இருக்கும்போது பட்டினி கிடக்க அவசியமில்லை. ரவை, சேமியா, மைதா விடுவது சுலபம், பாக்கெட் சத்துமாவும் மால்ட் பானமும் சோயா சாஸும்கூடச் சொன்னால் புரியும். மதினிக்கு நாலு மாதமாகியும் ரத்தப் பரிசோதனை எண் இறங்காமல் இருந்ததற்குக் காரணம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவுதான் சேர்ப்பு. சாம்பார், ரசம், மோர், இட்லிப்பொடி, தினமும் மூன்று வேளை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. க்ளூட்டன் ஃப்ரீ என்று அச்சடிக்க நம் நாட்டுச் சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று மாவு மில். கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைக் கொட்டினால் முதலில் விழுவது அரிசி மாவு இல்லை. மில் அண்ணாச்சியிடம் சொன்னேன், "காலையில முதல் ஆளா வாங்க" என்றார் நல்ல மனதோடு. நேற்று அரைத்தது இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமே. மதினி இப்போது இடியாப்ப மாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறாள், சல்லடையும் புதுசு. ஹோட்டலில் தோசை கேட்டால் சப்பாத்தி போடாத கல்லா என்று கேட்கிறாள். முதலில் வெட்கமாக இருந்ததாம். கத்தோலிக்கர்களுக்கு நற்கருணை அப்பமும் கோதுமைதான், க்ளூட்டன் குறைந்த அப்பத்துக்குச் சபை அனுமதி உண்டு, பங்குச் சாமியாரிடம் முன்னமே பேசி வையுங்கள்.

போன மாதம் மறுவீட்டுச் சாப்பாடு. இலையில் உட்காருவதற்கு முன் மதினி சமையல்கட்டுக்குப் போய்த் தவசிப்பிள்ளையிடம் சொதியில் பெருங்காயம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். "சொதிக்கு யாரும்மா பெருங்காயம் போடுவா" என்று அவர் கோபித்துக்கொண்டாராம். அன்றைக்கு மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டாள்.